டிரிப்ஸைக் கழற்றியதும் கைகழுவுவதா?

காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணாவின் பெயரால் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. 1969 பிப்ரவரி 3 அன்று அந்த நோய்க்கே அவரைப் பறிகொடுத்த ஊர் இது. இங்கே ஒன்றைக் கேட்டாக வேண்டும்: கீமோ முடித்துப் பேருந்தேறிப் போன நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டியவர் யார்? ஒரு மருத்துவமனையை மட்டும் சுட்டவில்லை. அரசு, தனியார் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கும் வாய், தொண்டைப் புற்றுக்கும் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுப்பது பெரும்பாலும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. அது சிறுநீரகத்தைப் பாதித்து மெக்னீசியத்தை வெளியேற்றும். அதன் பின்னாலேயே பொட்டாசியமும் போகும். வாந்தி, பேதி வேறு. பிள்ளையார்பாளையத்துக் குழித்தறியில் உட்கார்ந்தவருக்கு மிதியை அழுத்தக் கால் வரவில்லை என்றால், "கீமோ அசதி, போகப் போகச் சரியாகும்" என்று சொல்லிவிடுகிறார்கள். 3.5க்குக் குறையக் கூடாத பொட்டாசியம் அளவு 2.5க்குக் கீழே போனால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். அப்போதும் பொட்டாசியம் சிரப்பை மட்டும் எழுதிக் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றும் வேலை. மெக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியம் நிற்காது. இது பாடப்புத்தகத்தில் உள்ள செய்திதான். ஆனாலும் வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இருக்கிறது, மெக்னீசியத்தைக் காணோம்!

எதிர்த்திசை ஆபத்து இன்னும் கொடியது. கட்டி வளர்ந்து சிறுநீர்க் குழாய்களை அடைத்தாலும், ரத்தப் புற்றில் மருந்து ஏறிய முதல் சில நாட்களில் செல்கள் கூட்டமாக உடைந்தாலும் பொட்டாசியம் கிடுகிடுவென ஏறும். முன்னறிவிப்பே இல்லாமல் இதயம் நின்றுபோகலாம். இந்த நோயாளிகளுக்கும் "தெம்புக்கு இளநீர் குடிங்க" என்று பொத்தாம்பொதுவாக அறிவுரை சொல்கிறார்கள். ஓர் இளநீரில் சுமார் அரை கிராம் பொட்டாசியம் இருக்கிறது. 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதில் சோடியம் குளோரைடின் ஒரு பங்குக்குப் பதிலாக இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான். யாருக்கு ஏற்ற வேண்டும், யாருக்குக் குறைக்க வேண்டும் என்று பார்க்காமல் சொல்லும் அறிவுரைக்குப் பெயர் அக்கறை அல்ல, அலட்சியம்.

பரிசோதனைக் கூடங்களும் தப்ப முடியாது. காலையில் எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் மாலை வரை போட்டுவைத்தால், அணுக்களிலிருந்து கசிந்த பொட்டாசியமும் கணக்கில் சேரும். பொய்யான எண்ணை நம்பி வைத்தியம் பார்ப்பதா?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறது. கீமோ நோயாளிக்கு ஒரு குழாய் ரத்தம் எடுக்க அதே ஊழியர்களுக்கு ஏன் வழி செய்யக் கூடாது? மக்கள் நல்வாழ்வுத் துறை இந்த மாதமே சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்: பொட்டாசியம், மெக்னீசியம் அளவுகள், அடுத்த பரிசோதனைத் தேதி, அளவு தவறினால் இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் ஆகியவை இல்லாத சீட்டோடு எந்த கீமோ நோயாளியையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.