பெயருண்டு, அளவில்லை

சென்ற மாதம் ஒரு நூல் வெளியீட்டு விழாவின் பொருட்டுப் பட்டணம் போயிருந்தேன். கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், ஒருகாலத்தில் என்னோடு பண்டித வகுப்பிலே தொல்காப்பியம் பாடங்கேட்ட நண்பர் ஒருவர் அருகே வந்தார். "நீர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளிலே போர்விமானம் ஒட்டுகிறீராமே, மெய்தானோ?" என்றார். மெய்தான் என்றேன். "நன்னூல் படிப்பித்த கைக்கு நல்ல வேலை" என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் அவர் அடுத்துக் கேட்ட கேள்வியிலே சிரிப்பில்லை. "எங்கள் தலையிலே குண்டு போட்டவற்றையா மேசையில் வைத்து அழகு பார்க்கிறீர்?"

அவ்விடத்தில் நான் விடை சொல்லவில்லை. ஊர்காவற்றுறைக்குத் திரும்பும் பேருந்திலே, பண்ணைப் பாலம் கடந்து அல்லைப்பிட்டி வரும்வரை அந்தக் கேள்வியே என்னோடு வந்தது. அதற்கு விடை எழுத முயல்கிறேன்.

முதலில், நாங்கள் செய்வது இன்னதென்று தெரியாத அன்பர்களுக்குச் சில சொற்கள். உண்மையான கப்பலையோ விமானத்தையோ ஒரே விகிதத்திற் குறைத்து, உறுப்பு உறுப்பாகக் கூட்டி அமைப்பதே இக்கலை. யான் இதனைச் சிற்றுரு என்று வழங்குகிறேன். இதனினும் நல்ல சொல் இருப்பின் தமிழறிந்தோர் தருக. பிளாஸ்திக்கு உறுப்புகள் ஒரு சட்டத்திலே காய்போல ஒட்டிக்கொண்டு பெட்டியில் வரும். அவற்றை வெட்டி, அரத்தாளால் உரைத்து, பசையிட்டுப் பொருத்தி, வர்ணந் தீட்டவேண்டும். எங்கள் கூட்டம் சிறியது. சுங்கத்திலே எழுதுவினைஞராயிருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர், கணிதம் படிப்பிக்கும் இளைஞர் ஒருவர், மாணவர் இருவர், யான். எழுதுவினைஞரின் மகன் கனடாவிலிருந்து பெட்டிகளை அனுப்புவார். அவர் வீட்டு விறாந்தையே எங்கள் தொழிற்சாலை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் வர்ணம் காயுமுன்னே மணல் வந்து படிந்துவிடும். அந்த மாதங்களில் எங்கள் விமானங்கள் எல்லாம் பாலைவனப் போரிலிருந்து மீண்டவைபோல இருக்கும்.

இது சிறுபிள்ளை விளையாட்டன்றோ என்பார்க்கு விடை எளிது. பிள்ளைத்தமிழிலே ஆண்பாற்பிள்ளைக்கு இறுதிப் பருவம் சிறுதேர்ப் பருவம். தேருருட்டாத பிள்ளையைப் புலவர்கள் முழுப்பிள்ளையாகக் கொண்டாரில்லை. அம்மட்டில் அதனை விடுவோம்.

நண்பரின் கேள்வி வேறு, அது கனமானது. இக்கலையின் பிறப்பிலேயே போர் கலந்திருக்கிறது என்பதை யான் மறைக்க விரும்பவில்லை. 1942 ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படை அந்நாட்டுப் பாடசாலை மாணவரிடம் ஓர் உதவி கேட்டது. ஐம்பது வகை விமானங்களில், வகைக்குப் பதினாயிரமாக, 5,00,000 மரச் சிற்றுருக்கள் செய்து தருமாறு கேட்டது. தன் விமானம் எது, பகைவன் விமானம் எது என்று படைவீரர் ஒரு நொடியிற் பிரித்தறியப் பழகுவதற்காகவே அவை வேண்டப்பட்டன. விகிதம் எழுபத்திரண்டில் ஒன்று, ஆறடிக்கு ஓரங்குலம். அந்த அளவிற் செய்த உருவை முப்பத்தைந்து அடி தூரத்தில் நின்று பார்த்தால், உண்மை விமானத்தை ஏறக்குறைய அரை மைல் தூரத்திற் பார்த்ததற்கு ஒப்பாகும். கணித ஆசிரியர் இதனைப் பெருக்கிக் காட்டியபோது எங்கள் மாணவர் வியந்தனர். எனக்கு வேறொன்று தோன்றியது. அந்த அமெரிக்கப் பிள்ளைகள் மரத்தைச் செதுக்கிக் கற்ற பாடத்தை எங்கள் தலைமுறை எந்த உருவமும் இல்லாமலே, செவியாற் கற்றது.

1980களின் நடுவிலே இத்தாலிய நாட்டுச் சிறுவிமானம் ஒன்று எங்கள் வானத்துக்கு வந்தது. அதன் பெயர் எங்கள் நாவிற் படிந்து 'சியாமாசெட்டி' ஆயிற்று. குண்டு போட வந்ததையும் செட்டியாராக்கிவிட்ட தமிழின் வல்லமையை என்னென்பது! பின்னர் புக்காரா வந்தது. 1996 முதல் கிபீர் வந்தது. கிபீர் என்பதற்கு எபிரேய மொழியிற் சிங்கக் குருளை என்று பொருளாம். மரபியலிலே இளமைப் பெயர்களுள் ஒன்றாகப் படித்த குருளை இவ்வண்ணம் வந்து இரையுமென்று யார் எதிர்பார்த்தார்? எழுத்தறியாக் குழந்தையும் இரைச்சலைக் கேட்டு இது இன்னது என்று சொல்லும். சொல்லிக்கொண்டே பதுங்குகுழிக்குள் இறங்கும்.

சென்ற ஆண்டு மாணவன் ஒருவன் கிபீரின் சிற்றுருவைச் செய்ய விரும்பினான். பெட்டி வந்தது. யான் தயங்கினேன், எழுதுவினைஞரும் தயங்கினார். பையன் தயங்கவில்லை; அவன் பிறந்தது போர் முடிந்தபின். ஆறு வாரம் உழைத்து முடித்தான். முடித்த அன்று அவனை அழைத்துப்போக அவன் தந்தையார் வந்தார். கடற்றொழில் செய்பவர்; அதிகம் பேசாதவர். மேசைமேலிருந்த உருவைப் பார்த்துச் சற்றுநேரம் நின்றார். பிறகு கையிலெடுத்து, மூக்கிலிருந்து வால்வரை சாண்போட்டு அளந்தார். ஒரு சாணுக்குள்ளே அடங்கிற்று. "இதின்ர முதுகு இப்பிடியோ இருக்கும்?" என்றார். "நாங்கள் வயித்தை மட்டுந்தானே கண்டனாங்கள்."

அன்பர்களே, என் நண்பருக்குச் சொல்லவேண்டிய விடை அந்தக் கடற்றொழிலாளியின் வாயிலிருந்து வந்துவிட்டது என்றே எண்ணுகிறேன். கீழே கிடந்து கண்டவன் பாதிதான் கண்டான். அதனை மேசையில் வைத்துச் சுற்றிவந்து, முதுகைப் பார்த்து, இறக்கையை அளந்து, இத்தனை அடி நீளம், இத்தனை அடி அகலம் என்று குறித்தபின்னரே மற்றப் பாதி தெரிகிறது. அழகு பார்க்கிறோமா என்று கேட்டார் நண்பர். இல்லை, அளவு பார்க்கிறோம். அழகு பார்ப்போரும் உலகில் இருக்கிறார்கள். குண்டுகளின் எண்ணிக்கையைப் பெருமையோடு சொல்லும் கூட்டத்தாரையும் யான் அறிவேன். அவர்கள் மேசையில் எனக்கு இடம் வேண்டாம்.

எங்கள் மேசையில் இப்போது மூன்று உருக்கள் முடிந்து நிற்கின்றன. கிபீரைச் சொன்னேன். மற்றொன்று எம்டன்: 1914 செத்தெம்பர் 22 ஆம் திகதி இரவு சென்னைப் பட்டினத்தின்மீது குண்டு பொழிந்து, தமிழ்ப் பேச்சு வழக்கிலே வல்லாளகண்டனுக்கு ஒரு பெயராகவும் நிலைத்துவிட்ட ஜேர்மன் கப்பல். மூன்றாவது ஹேர்மெஸ். விமானந்தாங்கிக் கப்பலாகவே வரைந்து கட்டத் தொடங்கப்பட்ட கப்பல்களுள் அதுவே முதலாவது. 600 அடி நீளம். 1942 ஏப்பிரல் 9 ஆம் திகதி மட்டக்களப்புக் கடலிலே யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. 300 பேருக்கு மேல் மாண்டனர். உடல் இன்றும் அங்கே கடலடியிற் கிடக்கிறது. எழுநூற்றில் ஒன்றாகக் குறைத்தபோது அது பத்தங்குலச் சொச்சம். இதிலொரு வேடிக்கை: அந்தச் சிற்றுருவைப் பெட்டியிலடைத்து விற்பது அயோஷிமா என்னும் யப்பானியக் கம்பனி. மூழ்கடித்தவர் நாடே இன்று அளவு பிசகாமல் வார்த்துத் தருகிறது. வரைபடம் இருப்பதனால் வார்க்க முடிகிறது.

ஹேர்மெஸ் முடிந்த அன்று மாணவருள் இளையவன் கேட்டான்: "ஐயா, எங்கடை கப்பலுக்குப் பெட்டி வராதோ?"

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது உண்மையில் அந்தக் கேள்விதான். யான் வழக்கம்போல நிகண்டைத் திறந்தேன். நாவாய், வங்கம், கலம், அம்பி, திமில், பஃறி, ஓடம், தோணி, புணை என்று சொல்லிக்கொண்டே போனேன். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வங்கம் எத்தனை அடி?" என்றான். முப்பது ஆண்டு தமிழ் படிப்பித்தவன், வாய் திறக்க இயலாது நின்றேன். பெயர்களை இரண்டாயிரம் ஆண்டு காத்துவைத்தோம். அளவை யாரும் காக்கவில்லை.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே பராக்கிரமபாகு மன்னனின் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பிறநாட்டார் ஊராத்துறையிலே, அதாவது எங்கள் ஊர்காவற்றுறையிலே, வந்திறங்க வேண்டும் என்று அது சொல்கிறது. யானையும் குதிரையும் கொணரும் கலம் உடைந்தாற் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகக் கலம் உடைந்தாற் செம்பாதி என்று பங்கும் வகுக்கிறது. உடைந்த கலத்துக்கு இத்தனை துல்லியமாகக் கணக்கு வைத்தார்கள். யானை ஏறிய அந்தக் கலம் எப்படி இருந்தது? நீளம் என்ன? யானையை எங்கே நிறுத்தினார்கள்? கல்வெட்டு பேசவில்லை. 1950 இலே சென்னையில் அச்சேறிய 'கப்பல் சாத்திரம்' அளவு பேசுகிறது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் அளவோடு அதற்குரிய நற்பலனும் தீப்பலனுமே அங்கே மிகுதி. அதனை வைத்துச் சோதிடம் பார்க்கலாம். கப்பல் ஒட்ட இயலாது.

தீவுப் பகுதியை விட்டு வடகரைக்குப் போனால் வல்வெட்டித்துறையின் அன்னபூரணி இருக்கிறது. அவ்வூரிற் கட்டி, அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கி, புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று பெயர் மாற்ற, தமிழ் மாலுமிகளாற் செலுத்தப்பட்டு, 1938 ஆகத்திலே மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த பாய்க்கப்பல். நீளம் 89 அடி. எங்கள் விகிதத்திலே பதினைந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆதலின் அதனையே செய்யத் துணிந்தோம். புகைப்படங்களைப் பெரிதாக்கி, மெல்லிய பலகை சீவி, ஏரா வைத்து, வங்கு நிறுத்தி, இரண்டு மாதத்தில் ஓர் உடலை ஒப்பேற்றினோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவ்வேளையிற்றான் எழுதுவினைஞர் ஒரு முதிய ஓடாவியை அழைத்து வந்தார். எண்பதைக் கடந்தவர், வத்தையும் தோணியும் கட்டித் தழும்பேறிய கை. மேசைமேலிருந்த மற்றக் கப்பல்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அன்னபூரணியை எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து, ஏராவின் வழியே பார்வையை ஓட்டினார். "இதென்ன வாத்தியார், அணியம் இப்பிடிச் சூம்பிப்போய்க் கிடக்குது? முதல் அலையிலயே மூக்கைக் குத்துமே!" என்றார்.

"அப்பு, எவ்வளவு அகலம் வைக்கவேணும்?" என்று கேட்டேன். பெருவிரலால் வங்கை மெல்ல வெளியே தள்ளி, "இவ்வளவு" என்றார். அளவுகோலை நீட்டினோம், வேண்டாமென்று தள்ளினார். அவருடைய அளவு கண்ணிலும் பெருவிரலிலும் இருக்கிறது. அவர் சொன்னபடி திருத்தியபின், புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அணியம் அச்சாகப் பொருந்திற்று. பொருந்தியதிலே மகிழ்ச்சியைவிட எனக்கு அச்சமே மிகுந்தது. அந்தப் பெருவிரலை எந்த நூலகத்தில் வைப்பது?

பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் தம் போர்க்கப்பல்களுக்குச் சிற்றுருச் செய்து வைத்தனர். அடிப்பகுதியிற் பலகை அறையாமல், வங்குகள் கண்ணுக்குத் தெரியும்படி விட்டுவைத்தனர். அவற்றுட் பல இன்றும் கிரீனிச் அருங்காட்சியகத்தில் உள. கட்டியவனும் கட்டுவித்தவனும் மறைந்து முந்நூறு ஆண்டு கழிந்தபின்னும் வங்குகளை எண்ணிப் பார்க்கலாம். நாமோ கலஞ்செல் கடலைப் பாடினோம். கட்டிய ஓடாவியைக் கேட்டு எழுதிவைக்கவில்லை. என்னையும் என் போன்ற பண்டிதரையும் சேர்த்தே குற்றஞ் சொல்கிறேன். ஏரா, வங்கு, பருமல், அணியம், பின்னணியம், கலப்பற்று என்னும் சொற்களுக்குப் பொருள் எழுதச் சொல்லி வினாத்தாள் ஆக்கியிருக்கிறோம். ஒரு நாளாவது மாணவரைக் கடற்கரைக்குக் கூட்டிச் சென்று தொட்டுக்காட்டினோமா?

ஆகவே தீவகத்துப் பாடசாலைகளுக்கு யான் முன்வைப்பது மிகச் சிறிய வேண்டுகோள். கரையோரங்களிலே கவிழ்ந்து கிடக்கும் பழைய கலங்களை விறகாகுமுன் அளந்து வரையுங்கள். அளவுநாடா, தாள், கரிக்கோல் போதும். கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்தே போகவேண்டும். வரைந்ததை எழுபத்திரண்டில் ஒன்றாக மாணவர் மரத்திற் செய்யட்டும். போர்விமானம் ஒட்ட விரும்பும் பிள்ளையைத் தடுக்கவேண்டாம். அதே மேசையில், அதே விகிதத்தில், அதன் அருகே ஒரு வத்தை நிற்கட்டும்.

இனி ஒரு செய்தி. எங்கள் மூத்த மாணவனின் தாய்வழி நெடுந்தீவு. அவன் அடுத்துச் செய்ய விரும்புவது குமுதினிப் படகு. 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த அப்படகிலே, நடுக்கடலில், முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். படகு அதன் பின்னும் நெடுங்காலம் அதே வழியில் ஓடியது. நீளமும் அகலமும் அறியலாம் என்றான். பாய் விரித்து இருக்கும் இடம், இயந்திர அறை, ஏறும் வாசல் எல்லாவற்றையும் முதியோரைக் கேட்டுக் குறிக்கத் தொடங்கிவிட்டான். போன ஞாயிறு என்னிடம், "ஐயா, ஆக்களை வைக்கிறதோ விடுகிறதோ?" என்று கேட்டான். எங்கள் விகிதத்தில் ஓராள் ஓரங்குலத்துக்கும் குறைவு. யான் இன்னும் விடை சொல்லவில்லை. முதலில் படகை முடி என்றேன்.

அடுத்த ஞாயிறு நெடுந்தீவுக்குப் போகிறோம். பழைய பாய்க்கலங்கள், வத்தைகள், குமுதினி ஆகியவற்றின் புகைப்படமோ வரைபடமோ கணக்குப் புத்தகமோ எவரிடமேனும் இருப்பின், தம் ஊர்ப் பாடசாலைத் தமிழாசிரியரிடம் காட்டுவாராக. ஓடாவிகள் எவரேனும் அயலில் இருப்பின் அதையும் சொல்வாராக. அவர்களுக்கு வயதாகிக்கொண்டு போகிறது.