சைக்கிள் சீட்: மெத்தையா, தோலா?

திண்டுக்கல் என்றால் பூட்டு நினைவுக்கு வரும். புகையிலை நினைவுக்கு வரும். தோலும் நினைவுக்கு வரும்.

இந்த ஊரில் சைக்கிளும் உண்டு.

மோட்டார் சைக்கிள் பெருகிவிட்டது உண்மைதான். ஆனாலும் சைக்கிள் போய்விடவில்லை. பள்ளிக்கூடம் போகும் பெண்கள், தோட்டத்துக்குப் போகும் விவசாயிகள், மில்லுக்குப் போகும் தொழிலாளர்கள், பால்காரர்கள் இன்றும் சைக்கிளில் போகிறார்கள். சின்னாளபட்டி, ரெட்டியார்சத்திரம், வேடசந்தூர் பக்கத்துச் சமவெளியில் மேடு பள்ளம் குறைவு. சைக்கிளுக்கு ஏற்ற பூமி!

ஆனால் ஓட்டுகிறவர்களில் பலருக்கு ஒரு குறை உண்டு. "சீட் வலிக்கிறது!" என்பார்கள்.

புது சீட் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் சில சீட்களை எடுத்து வைக்கிறார். ஒன்று மெத்தை போல மெதுவாக இருக்கிறது. ஒன்று பிளாஸ்டிக். தோல் சீட் வேண்டுமானால் தேடித்தான் வாங்கவேண்டும். விலையும் பல மடங்கு அதிகம்.

எதை வாங்குவது?

இதற்குப் பதில் சொல்லவேண்டுமானால் நம் உடம்பைப் பார்க்கவேண்டும். ஊர்க் கிணற்றையும் பார்க்கவேண்டும்.

சீட்டுக்கும் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. முதலில் உடம்பைக் கவனிப்போம்.

மெத்தை ஏன் வலிக்கிறது?

நாம் உட்காரும்போது உடலின் பாரம் இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. இடுப்பு எலும்பின் அடியில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று இருக்கின்றன. கெட்டியான பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளங்கைகளைக் கீழே வைத்துப் பாருங்கள். அந்த முனைகள் தட்டுப்படும்.

சீட் இந்த இரண்டு முனைகளையும் தாங்கவேண்டும். அதுதான் அதன் வேலை.

மெத்தை சீட்டில் என்ன நடக்கிறது? கையால் அமுக்கினால் சுகமாக இருக்கிறது. உட்கார்ந்தால் எலும்பு முனைகள் ஸ்பாஞ்சுக்குள் புதைந்துவிடுகின்றன. நடுவில் ஸ்பாஞ்சு மேலே எழும்புகிறது. அது இரண்டு எலும்புகளுக்கும் இடையே உள்ள மென்மையான சதையை அழுத்துகிறது. அங்கே நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன. கொஞ்ச தூரம் போனதும் மரத்துப் போகிறது. பிறகு வலிக்கிறது.

அதனால் கடையில் கையால் அமுக்கிப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. கால் மணி நேரப் பயணத்துக்கு மெத்தை போதும். தினமும் 10 மைல், 12 மைல் மிதிக்கிறவருக்குக் கெட்டியான சீட்தான் நல்லது!

தோல் சீட்டின் விசேஷம்

உண்மையான தோல் சீட்டுக்குள் ஸ்பாஞ்சு கிடையாது. தடித்த மாட்டுத் தோலை இரும்புச் சட்டத்தின் முன்னும் பின்னும் இழுத்து ஆணி அடித்திருப்பார்கள். அடியில் ஒன்றும் இல்லை. குழந்தைக்குத் தூளி கட்டுவது போலத்தான்!

தூளி என்ன செய்கிறது? குழந்தையின் உடம்புக்குத் தக்கபடி வளைந்து கொடுக்கிறது. தோல் சீட்டும் அப்படியே. உட்கார உட்கார, அவரவர் எலும்பு படும் இடத்தில் தோல் மெல்ல அமிழ்ந்து குழிகிறது. அந்த ஆளுக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல ஆகிவிடுகிறது.

ஆனால் முதல் நாளே சுகம் கிடைக்காது. சில நூறு கிலோமீட்டர் ஓட்டவேண்டும். தினம் 20 கிலோமீட்டர் போகிறவருக்கு ஒரு மாதம் பிடிக்கும். புதுச் செருப்பு கடிப்பது போலத்தான். பொறுத்தவருக்குப் பலன் உண்டு.

தோல் சீட்டுக்குப் பெயர் பெற்றது 'புரூக்ஸ்' என்ற கம்பெனி. ஜான் புரூக்ஸ் என்பவர் 1866-ம் ஆண்டில் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் அதைத் தொடங்கினார். அவர் குதிரைச் சேணமும் தோல் சாமான்களும் செய்து வந்தவர். 1878-ம் ஆண்டில் அவருடைய குதிரை இறந்துவிட்டது. ஒரு சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டினார். அதன் சீட் பொறுக்கமுடியாத வேதனை கொடுத்தது. 'நாமே ஒன்று செய்வோம்' என்று இறங்கினார். 1882-ம் ஆண்டில் காப்புரிமையும் பெற்றுவிட்டார் என்பது அந்தக் கம்பெனியின் வரலாறு.

திண்டுக்கல்லும் தோலும்

இனி கிணற்றுக்கு வருவோம்.

திண்டுக்கல்லில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தோல் பதனிடும் தொழில் நடந்து வருகிறது. இங்கே பெரும்பாலும் பதனிடுவது ஆட்டுத் தோல். அது மெல்லியது. சைக்கிள் சீட்டுக்கு வேண்டிய தடித்த தோல் மாட்டுத் தோல். ஆகவே உங்கள் சீட்டின் தோல் திண்டுக்கல்லில் பதனிட்டது என்று சொல்லமுடியாது. ஆனால் எந்தத் தோலானாலும், எந்த ஊரானாலும், பதனிடத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதைத் திண்டுக்கல் போலச் சொல்லக்கூடிய ஊர்கள் சிலவே.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புத் தடவுகிறார்கள். பிறகு அந்த உப்பைக் கழுவுகிறார்கள். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரை நீக்குகிறார்கள். அதன் பிறகுதான் பதனிடும் வேலை.

முன்காலத்தில் ஆவாரம் பட்டையைக் கொண்டு பதனிட்டார்கள். நம் புன்செய்க் காடுகளில் மஞ்சளாகப் பூக்கிறதே, அதே ஆவாரைதான். பின்னர் வாட்டில் மரப் பட்டையும் வந்தது. அதற்காகவே கொடைக்கானல் மலையில் வாட்டில் மரங்களை நட்டார்கள். இன்று அந்த மரம் மலையின் புல்வெளிகளை மூடிக்கொண்டு தொல்லை கொடுக்கிறது!

பட்டையில் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பில் பதனிட்டால் ஒரு நாளில் முடிந்துவிடும். 1973-ம் ஆண்டு முதல், பாதி பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்புவதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுதும் முடித்த சரக்காக அனுப்பினால் நாட்டுக்கு வருமானம் அதிகம் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். வருமானம் வந்தது. கூடவே இரசாயனக் கழிவும் தமிழ்நாட்டில் தங்கியது.

பட்டையில் பதனிட்டால் கழிவே இல்லை என்று எண்ணவேண்டாம். அதிலும் உப்பு உண்டு. சாயம் ஏறிய அழுக்கு நீரும் உண்டு. குரோமியம் மட்டும் இல்லை.

467 கிணறுகளில் 350!

தோல் ஷாப்களின் கழிவு நீர் வாய்க்காலிலும் குளத்திலும் கலந்தது. நிலத்துக்குள் இறங்கியது. குடகனாற்றுப் பக்கத்துக் கிணறுகள் உப்புக் கரித்தன. பயிர் கருகியது.

1991-ம் ஆண்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் மூன்று நீதிபதிகள் விசாரித்த வழக்கு அது. வேலூர்ப் பகுதியோடு திண்டுக்கல் மாவட்டமும் அந்தத் தீர்ப்பில் வருகிறது.

அதில் ஒரு கணக்கு இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு அது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட கிணறுகள் 467. அவற்றில் கெட்டுப் போனவை 350!

நான்கு கிணறுகளில் மூன்று போயின. பெண்களும் குழந்தைகளும் குடிதண்ணீருக்காக மைல் கணக்கில் நடக்க நேர்ந்தது.

கோர்ட்டு என்ன சொன்னது? "கெடுத்தவரே செலவைக் கொடுக்கவேண்டும்" என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு வசதி செய்யாவிட்டால் நடத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நஷ்டஈடு நிர்ணயிக்கத் தனி ஆணையமும் அமைந்தது. திண்டுக்கல்லில் தோல் ஷாப்களுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் வந்தது.

ஆனால் நிலத்துக்குள் இறங்கிய உப்பைத் தீர்ப்பினால் வெளியே எடுத்துவிட முடியாது. ஒரு கிணறு கெடச் சில ஆண்டுகள் போதும். அது தேறத் தலைமுறை ஆகலாம்.

அதற்காகத் தோல் தொழிலே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. எத்தனையோ குடும்பங்கள் அதை நம்பி வாழ்ந்தன. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்று வேலை செய்தவர்களின் பாடு பெரிது. அந்தத் தொழிலாளர்களைப் பற்றி, திண்டுக்கல்லில் வக்கீலாக இருந்த டி. செல்வராஜ் எழுதிய நாவலின் பெயரே 'தோல்'. அதற்கு 2012-ம் ஆண்டு சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. கிணற்றுக்காரர்களைப் போலவே இந்தத் தொழிலாளர்களும் குறைந்த விலைச் சரக்கின் மிச்ச விலையைத் தங்கள் உடம்பால் கொடுத்தவர்கள்.

ஒரு சீட், ஒரு குடம்

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. சைக்கிள் சீட்டின் தோல் கால் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஒரு குடம் தண்ணீர் ஆகிறது. முடிந்த தோலைவிடப் பச்சைத் தோலின் எடை அதிகம் என்பதால், உண்மையில் ஒரு குடத்துக்கு மேலேயே ஆகும்.

ஒரு குடம் பெரிதா? அது சீட் எத்தனை வருஷம் உழைக்கிறது என்பதைப் பொறுத்தது. நல்ல தோல் சீட் பராமரித்தால் 20 ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். அப்போது அந்தக் குடம் சிறிது. கவனியாமல் விட்டு இரண்டு மழையில் கெடுத்துவிட்டால் அந்தக் குடம் வீண்.

ஸ்பாஞ்சு சீட்டுக்கும் கணக்கு உண்டு. உறை கிழிகிறது. ஸ்பாஞ்சு பொடியாகிறது. தூக்கி எறிகிறோம். அது மக்குவதில்லை. எரித்தால் நச்சுப் புகை வருகிறது.

ஆகவே, மெத்தையா தோலா என்பதைவிட, எத்தனை நாள் உழைக்கும் என்ற கேள்விதான் பெரிது. அடிக்கடி வாங்கும் மலிவுச் சரக்கு பைக்கும் நஷ்டம், ஊருக்கும் நஷ்டம்.

வாங்குமுன் அளவு எடுங்கள்

சீட் வாங்குமுன் அளவு எடுப்பது சுலபம்.

ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துக் கெட்டியான பெஞ்சின் மேல் போடுங்கள். அதன்மேல் உட்கார்ந்து, முழங்காலைச் சற்றே உயர்த்துங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு குழி தெரியும். குழிகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அதைவிட இரண்டு சென்டிமீட்டராவது அகலமான சீட் வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு இன்னும் சற்று அகலம் வேண்டும். பெண்களுக்கு இந்த எலும்பு முனைகளின் இடைவெளி பொதுவாக அதிகம். அவர்களுக்கு அகலமான சீட் ஆடம்பரமல்ல, அவசியம்!

நம் ஊர்ச் சாதாரண சைக்கிளில் நிமிர்ந்துதான் உட்காருகிறோம். பாரம் முழுவதும் சீட்டில் இறங்குகிறது. ஆகவே அடியில் ஸ்பிரிங் உள்ள சீட் நல்லது. கிராமத்து ரோட்டின் குலுக்கலை அது வாங்கிக்கொள்ளும்.

இருக்கிற சீட்டையே திருத்தலாம்

பல சமயம் குறை சீட்டில் இல்லை. வைத்த விதத்தில் இருக்கிறது.

பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீளவேண்டும். முழங்கால் மடங்கினால் சீட் தாழ்வு. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் சீட் உயரம். சீட்டின் மூக்கு மேலே தூக்கவும் கூடாது, கீழே குனியவும் கூடாது. தரைக்குச் சமமாக இருக்கட்டும்.

இதற்கு ஒரு ஸ்பேனர் போதும். செலவில்லை!

அரசு தரும் இலவச சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். ஒரு வகுப்பில் நெட்டையும் உண்டு, குட்டையும் உண்டு. சைக்கிளோ ஒரே மாதிரி. கடையிலிருந்து வந்தபடியே ஓட்டி, முழங்கால் வலியோடு வீடு திரும்பும் பிள்ளைகள் பலர்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் கொடுத்தார். சைக்கிள் ஓட்டத் தெரிந்த பெண் யாருக்கும் காத்திராமல் சந்தைக்குப் போனாள், வேலைக்குப் போனாள். அந்தச் சுதந்திரத்தை ஒரு பொருந்தாத சீட் கெடுக்கக் கூடாது.

தோல் சீட் வைத்திருப்பவருக்கு

மழையில் நனையவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளை நிறுத்தினால் சீட்டுக்கு மாட்டிவிடுங்கள். நனைந்துவிட்டால் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும். ஈரத் தோலில் உட்கார்ந்தால் சாயம் வெள்ளை வேட்டியில் ஏறிவிடும்!

தேங்காய் எண்ணெயை ஊற்றி ஊறவைக்காதீர்கள். தோல் தொளதொளத்துவிடும். தோலுக்கென்று விற்கும் மெழுகை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை லேசாகத் தடவினால் போதும். நாளடைவில் தோல் தொய்ந்தால், மூக்கின் அடியில் உள்ள போல்ட்டைக் கால் சுற்று முறுக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். முதலில் இருக்கிற சீட்டைச் சரியாக வையுங்கள். வலி தீராவிட்டால் அளவு எடுத்து, கெட்டியான சீட்டாக வாங்குங்கள். மரத்துப் போவது நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். தினம் வெகுதூரம் போகிறவராக இருந்து, பராமரிக்கப் பொறுமையும் இருந்தால் தோல் சீட் வாங்கலாம். வாங்கினால் உங்கள் பிள்ளை ஓட்டும் காலம் வரை அதைக் காப்பாற்றுங்கள். அதற்குள் யாரோ ஒருவர் ஊரின் ஒரு குடம் தண்ணீர் இருக்கிறது.