தலைகீழ் வாக்கியமும் நம்மாட்களும்
(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



இங்கிலீஷ் வகுப்பில் 'நோ சூனர்... தேன்' என்று போர்டில் எழுதியதுமே பின் பெஞ்சில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். தமிழ் மீடியத்தில் படித்தவனுக்கு வார்த்தையை முன்னே பின்னே மாற்றிப்போட வராது என்று ஒரு பேச்சு. இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் எங்க அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் 'வந்துட்டாரு பாரு உங்க மாமா', 'எங்க போச்சு இந்த மழை?' என்று எழுவாயைக் கடைசியில் வைத்துத்தான் பேசுவார். இந்தக் கரிசல் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்த நம்ம இடைசெவல் கி.ரா., 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991இல் சாகித்ய அகாதெமி விருதே வாங்கினார். நன்னூலில் பொருள்கோள் எட்டு. அதில் மொழிமாற்று என்றே ஒன்று இருக்கிறது!

அப்புறம் எங்கே இடிக்கிறது? 'கீரி பாம்பைக் கொன்றது', 'பாம்பைக் கீரி கொன்றது'... எப்படிச் சொன்னாலும் செத்தது பாம்புதான். 'ஐ' உருபு காவல் நிற்கிறது. இங்கிலீஷில் அந்த உருபு இல்லை, நிற்கிற இடம்தான் காவல். 'தி ஸ்னேக் கில்ட் தி மங்கூஸ்' என்று மாற்றினால் கீரி செத்துப்போகும். அதனால் இங்கிலீஷ்காரன் பெரும்பாலும் துணைவினையை மட்டும் தூக்கி எழுவாய்க்கு முன்னால் வைக்கிறான். 'நெவர் ஹேவ் ஐ சீன்' என்பதில் ஐயைத் தாண்டியது ஹேவ்தான். துணைவினையே இல்லையென்றால் 'டிட்'டைக் கடன் வாங்குகிறான்: 'நோ சூனர் டிட் தி பெல் ரிங் தேன் வீ ரேன் அவுட்.' 'ரேங்' ஏன் 'ரிங்' ஆச்சு? இறந்தகாலத்தை 'டிட்' வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். இதைச் சொல்லாமல் பத்து வாக்கியத்தை மனப்பாடம் செய் என்றால் யாருக்கு ஏறும்?

நெவர், ஹார்ட்லி எல்லாம் மேடைப் பேச்சுக்கு ஆகும். இன்டர்வியூவுக்கும் கம்பெனிக்கும் போகிற நமக்கு முதலில் வேண்டியது கேள்வி. தமிழில் 'வந்தான்' என்பதோடு 'ஆ' சேர்த்தால் கேள்வி. எதுவும் இடம் மாறாது. அந்தப் பழக்கத்தில்தான் 'வாட் ஸ்பீட் யூ ஆர் யூசிங்?' என்று வருகிறது. 'ஆர்' தாண்டவேண்டும்: 'வாட் ஸ்பீட் ஆர் யூ யூசிங்?' ஆனால் 'டெல் மீ' என்று ஆரம்பித்துவிட்டால் தாண்டக் கூடாது: 'டெல் மீ வாட் ஸ்பீட் யூ ஆர் யூசிங்.' நெவரைவிட இதுதான் கஷ்டம், கவனியுங்கள்.

முதலாண்டுத் தம்பிகளுக்குச் சாயங்காலம் அரைமணி நேரம் கேள்வி கேட்டுப் பழக யூனியன் ஏற்பாடு செய்யட்டும். லேத் முன்னால் நின்றே பழகலாம். நான் வரத் தயார்.