ஃபார்மேட் தீர்வாகாது

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் சிறு ஜாப் ஒர்க் நடத்துவோருக்கு வீட்டுக் கணினியே கணக்குப்பிள்ளையாக இருக்கிறது. அதில் பிரவுசரைத் திறந்ததும் கேளாத தேடுபக்கம் வந்து நிற்குமானால், 'ஃபார்மேட் போட்டால் எல்லாம் போய்விடும்' என்பதே கணினி பழுதுபார்க்கும் கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒருசேர நம்பும் வைத்தியம். இந்த நம்பிக்கை தவறானது மட்டுமன்று, பெருங்கேடு விளைவிப்பதும் ஆகும்.

பிரவுசர் கடத்தி எனப்படும் நிரல், முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் தன் வசப்படுத்தி விளம்பர வருவாய் ஈட்டுவது. அது ஒட்டிக்கொள்ளும் இடங்களில் பெரும்பாலானவற்றைக் கையாலேயே களையலாம்: பிரவுசர் ஷார்ட்கட்டின் 'டார்கெட்' வரியில் ஒட்டப்பட்ட முகவரி, குறித்த நேரத்தில் நிரலை எழுப்பும் டாஸ்க் ஷெட்யூலர், நீக்க முடியாதபடி எக்ஸ்டென்ஷனைத் திணிக்கும் பாலிசிப் பதிவு ஆகியவை அத்தகையன. வீட்டுக் கணினியின் குரோம் மெனுவில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று வருவது இப்பாலிசிப் பதிவின் அடையாளமாக இருக்கக்கூடும். ஃபார்மேட் தொடவே தொடாத இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, எக்ஸ்டென்ஷன்களையும் அமைப்புகளையும் கூகுள் கணக்கில் சேமித்து, மறுபடி உள்நுழைந்ததும் அப்படியே இறக்கித் தரும் சின்க் வசதி. மற்றொன்று ரௌட்டர்: இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் அமைப்பு அங்கே திரிக்கப்பட்டிருந்தால், புதிதாக வாங்கிய கணினியும் தவறான பக்கத்துக்கே போகும்.

2017 ஜூனில் செக் பாயின்ட் நிறுவனம் வெளிப்படுத்திய ஃபயர்பால் இவ்வகையின் பெரிய சான்று. உலகில் 25 கோடி கணினிகளும் இந்தியாவில் மட்டும் 2.5 கோடிக்கு மேற்பட்டவையும் தாக்குண்டதாக அந்நிறுவனம் மதிப்பிட்டது. மைக்ரோசாஃப்ட் அந்த எண்ணிக்கை மிகை என மறுத்தது. எண்ணிக்கையில் வழக்கு இருந்தாலும் வழியில் ஐயமில்லை: அது இலவச மென்பொருள்களோடு கட்டாக வந்து புகுந்தது. ஃபார்மேட் முடிந்த கையோடு பென் டிரைவிலிருந்து திருட்டு விண்டோஸும், ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டப்படும் ஆக்டிவேட்டரும் ஏற்றப்படுகையில், அதே வாசல்தான் மீண்டும் திறக்கப்படுகிறது.

இழப்போ உடனே தெரியும். வழக்கமான நிறுவலில் டேலியின் தரவும் அவுட்லுக்கின் அஞ்சல் கோப்பும் 'சி' டிரைவிலேயே தங்குகின்றன. அவற்றை நகலெடுக்காமல் அழித்தால் வரவேண்டிய தையற்கூலிக் கணக்கும், எக்ஸ்போர்ட் கம்பெனியோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் ஒரு மாலைக்குள் மறைந்துபோகும். தையல் எந்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்போரின் வாரக்கூலி அந்தக் கணக்கை நம்பியிருக்கிறது.

கடவுச்சொல் திருடும் நிரலும் உடன் புகுந்திருந்தால் ஃபார்மேட் நியாயமே. அப்போதும் முதலில் தரவை வெளியே நகலெடுத்து, சின்க் சேமிப்பை அழித்து, ரௌட்டரின் டிஎன்எஸ்ஸையும் கடவுச்சொல்லையும் திருத்தியபின், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய நிறுவல் கோப்பையே பயன்படுத்த வேண்டும். வங்கி, ஜிஎஸ்டி கடவுச்சொற்களை வேறொரு தூய கணினியில் மாற்ற வேண்டும்.