நெளிவு சுளிவு

சூலக்கரையைச் சுற்றிலும், சாத்தூர், சிவகாசி வரைக்கும், தீப்பெட்டி வேலைக்குப் போவதை ‘ஆபீசுக்குப் போறேன்’ என்றுதான் சொல்வார்கள். சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா போய்க் கற்றுவந்த தொழில் இது. நூறாண்டு ஓடிய தொழிலுக்கு நூறாண்டுப் பேச்சும் இருக்கிறது. அந்தப் பேச்சு நம் அகராதிகளுக்குள் வந்ததா என்பதே இந்த இதழின் கவலை.

ஒரு தீப்பெட்டியையே எடுத்துக்கொள்வோம். அட்டை வருமுன் மரத்தைத் தாள் போலச் சீவி, மடங்க வேண்டிய இடத்தில் கீறல் விட்டு, கீறல் வழியே மடக்கிப் பெட்டி செய்தார்கள். கீறல் இல்லாவிட்டால் சீவல் கொஞ்சம் வளையும், பிறகு முறியும். வளைவதற்கு முனை கிடையாது, மடங்குவதற்கு உண்டு. கம்பி வளையும், பாம்பு நெளியும், கதிர் சாயும், சட்டம் போட்ட கதவு கோணும். குனிவதற்கு மட்டும் உயிர் வேண்டும். இவ்வளவையும் ‘வளைதல்’ என்ற ஒன்றில் அடைத்துவிடும் எழுத்து இப்போது பெருகிவருகிறது.

அடிப்பெட்டி மேல்பெட்டிக்குள் போய்வருகிறதே, அதற்கு என்ன சொல்? பாசியில் கால் வழுக்கும். மேட்டில் அடி சறுக்கும். கரை சரியும். தோளிலிருந்து துண்டு நழுவும். பெட்டியின் அசைவு இவற்றில் எதுவுமில்லை. இறுகினால் திறக்காது, தளர்ந்தால் குச்சி கொட்டிவிடும். இரண்டுக்கும் நடுவிலான அந்தப் பதத்துக்கு ‘நகர்வு’ என்று எழுதினால் உயிரில்லை. நாள் முழுக்கப் பெட்டி ஒட்டிய கைகளிடம் அதற்கொரு சொல் இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்தச் சொற்கள் பொருளைவிட்டு மனிதருக்குத் தாவும்போதுதான் அவற்றின் முழு வீச்சும் தெரிகிறது. நிலத்தை வளைத்துப் போடுகிறார்கள். பேச்சில் ஆளை மடக்குகிறோம். தண்ணீரையும் ஒரு மடக்குக் குடிக்கிறோம். கடன் கேட்டால் நழுவுகிறான். தொழில் தெரிந்தவனை ‘நெளிவு சுளிவு தெரிஞ்சவன்’ என்று மெச்சுகிறோம். இலக்கணமோ வழுக்குதலுக்கு உறவான ‘வழு’ என்ற சொல்லையே பிழைக்குப் பெயராக வைத்தது. ஏற்றுக்கொள்ளத்தக்க பிழைக்கு வழுவமைதி என்றொரு இடமும் ஒதுக்கியது. கால் தவறுவதும் சொல் தவறுவதும் ஒன்றென்று கண்ட மொழி இது.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்ற பழமொழியை மட்டும் இந்த வட்டாரத்தில் சொல்ல எனக்கு நா எழுவதில்லை. பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் கட்டை அடுக்க, அதாவது தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்க, உட்கார்ந்த பிள்ளைகளின் முதுகு இங்கே உண்மையாகவே வளைந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996-இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிவகாசியை முன்வைத்தே தீர்ப்புச் சொன்னது. குனிதல் ஒரு நொடிச் செயல், நிமிர்ந்துவிடலாம். வளைதல் ஆண்டுக்கணக்கில் நடப்பது. அந்தப் பிள்ளைகள் யாருக்கும் குனியவில்லை, வளைக்கப்பட்டார்கள். இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்த மொழியை மழுங்கவிடுவது அவர்களுக்கும் செய்யும் அநியாயம்.

கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொற்களை அகராதியாகத் தொகுத்து 1982-இல் தந்தார். உழவர்களான சம்சாரிகள் வீட்டுச் சொற்கள் பெருமளவு அதனால் தப்பின. ஆபீஸ் சொற்களுக்கு அப்படியொரு தொகுப்பு வேண்டும். கட்டை அடுக்கியவர்கள், பெட்டி ஒட்டியவர்கள், பட்டாசுக்குத் திரி வெட்டியவர்கள், சரம் பின்னியவர்கள் பலருக்கும் இப்போது வயதாகிவிட்டது. வேலைகள் ஒவ்வொன்றாக இயந்திரத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

உங்கள் வீட்டில் ஆபீஸ் போன அம்மாவோ அத்தையோ இருந்தால் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். சொல், அதன் பொருள், எந்த வேலையில் வந்தது, எந்த ஊர் என்ற நான்கையும் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். ஒரேயொரு சொல்லானாலும் அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து பக்கம் ஒதுக்குகிறோம்.