மங்கைக் கவிழ்ப்பது யார் வேலை?

தோட்டத்தில் ஒருவருக்கு டெங்கு கண்டால் போதும், லயத்து மக்களின் சுத்தத்தைப் பற்றிய பேச்சு எழுந்துவிடுகிறது. தண்ணீர்த் தொட்டி, பூச்சட்டி எல்லாம் சோதிக்கப்படுகின்றன. நல்லது, சோதிக்கட்டும். ஆனால், வெட்டு நிறுத்திய நிரைகளில் மரத்துக்கு மரம் தொங்கும் மங்குகளை எட்டிப் பார்ப்பவர் யார்? மழைநீர் தேங்கி, உதிர்ந்த இலை ஊறி, நிழலில் கிடக்கும் ஒரு மங்கு போதும். ஏடிஸ் கொசு முட்டை 7 முதல் 10 நாளில் கொசுவாகப் பறந்துவிடும். நீர் வற்றினாலும் மங்கில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் சாகாமல் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் தீராது. துடைத்துக் கவிழ்க்க வேண்டும். பால் எடைக்குக் கூலி வாங்குகிறவன் பால் தராத மரத்துக்கு எந்த நேரத்தில் போவான்? அதைத் தனி வேலையாகச் செக்ரோலில் பதிந்து நாள் சம்பளம் கொடுக்கட்டும். கிராணிமார்கள் கணக்குப் போட்டு நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லுங்கள். கவிழ்க்க நாங்கள் தயார்.