வீட்டுக்கு நாய் காவல். நாய்க்கு யார் காவல்?

தீபாவளிக்கு முதல் நாள் மாலை தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மூட்டை முடிச்சுகளுடனும் குழந்தை குட்டிகளுடனும் ஜனங்கள் தெற்கே புறப்பட்டுக்கொண்டிருப்பார்கள். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு அங்கேயும் இதே காட்சிதான். உத்தியோகத்துக்காக வந்து சேலையூரிலும் செம்பாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் வீடு கட்டிக்கொண்டவர்கள் ஏராளம். அவர்களுக்குச் சொந்த ஊர் மதுரை, நெல்லை, தஞ்சை. பண்டிகை வந்தால் தெருத் தெருவாகப் பூட்டுத் தொங்கும்.

பால்காரரிடம் சொல்லியாகிவிட்டது. பேப்பர் போடும் பையனிடமும் சொல்லியாகிவிட்டது. வீட்டில் வளரும் நாயை என்ன செய்வது?

ரயிலில் அழைத்துப் போவது லேசான காரியமல்ல. முதல் வகுப்பில் ஒரு தனி அறை முழுவதையும் எடுத்துக்கொண்டால் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு வண்டியில் உள்ள கூண்டில் ஏற்ற வேண்டும். சாதாரணப் படுக்கை வகுப்பில் இடம் கிடையாது. ஆகவே, வீட்டோடு நாயையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைத் தேடுகிறார்கள்.

சென்ற ஐப்பசியில் அந்த ஆள் நாமே ஆனோம்!

சேலையூரில் இருக்கும் சிநேகிதர் ஒருவர் குடும்பத்தோடு நெல்லைக்குப் புறப்பட்டார். “பத்து நாள் நம் வீட்டில் வந்து இருங்கள் ஸார். மணியையும் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார். சிறு வயதில் தெருநாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவன் நான். நாய் என்றால் இன்னமும் இரண்டடி தள்ளித்தான் நிற்பது. ஆனாலும் திருவல்லிக்கேணியில் ஒற்றை அறையில் குடியிருப்பவனுக்குத் தோட்டத்தோடு தனி வீடு என்றால் கசக்குமா? எழும்பூரில் மின்சார ரயில் ஏறிவிட்டேன்.

மணி வெள்ளை நிறக் குட்டை நாய். முழங்கால் உயரம்கூட இல்லை. வீட்டு அம்மாள் ஒரு காகிதத்தில் எல்லாம் எழுதி வைத்திருந்தார். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் உலாவல். சாதத்தில் வெங்காயம் கூடாது. திராட்சையும் சாக்லெட்டும் கூடவே கூடாது. நாய்க்கு அவை விஷம். கடைசியில் மிருக வைத்தியரின் போன் நம்பர்.

முதல் நாள் மணி சாப்பிடவில்லை. சாதத்தை முகர்ந்துவிட்டு வாசல் கேட்டின் அருகே போய்ப் படுத்துக்கொண்டது. தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் காதை நிமிர்த்தும். எஜமானருடைய வண்டி இல்லை என்று தெரிந்ததும் தலையைத் தரையில் வைத்துவிடும். இரண்டாம் நாள் இரண்டு வாய் தின்றது. மூன்றாம் நாள் என்னோடு ஏரிப் பக்கம் வரை நடந்தது. ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தீபாவளி இரவு பட்டாசுச் சத்தம் காதைத் துளைத்தது. நமக்கே அப்படி என்றால், நம்மைவிடப் பன்மடங்கு கூர்மையான செவி படைத்த அந்த ஜீவன் என்ன பாடுபடும்! கட்டிலுக்கு அடியில் புகுந்து வெடவெடவென்று நடுங்கியது. ஜன்னல்களைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். மெள்ள ஊர்ந்து வந்து என் மடியில் முகத்தைப் புதைத்தது. பயத்தை மறந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். அப்போதுதான் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தது.

2015-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் பார்க்கும்போது, இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு கூடுகிறதாம். தாய்க்கும் சேய்க்கும் பாசத்தை வளர்ப்பதும் இதே சுரப்புத்தான். விஞ்ஞானம் சொல்லட்டும், அன்று இரவு எனக்கு அது சொல்லாமலே விளங்கியது.

மறுநாள் காலை உலாவப் போனபோது அடுத்த தெருவில் ஒரு முனகல் கேட்டது. பூட்டிய வீடு. கொல்லைப் பக்கத்தில் ஒரு நாய் குட்டைச் சங்கிலியில் கட்டிக் கிடந்தது. தண்ணீர்ப் பாத்திரம் காய்ந்திருந்தது. வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போய் நான்கு நாள் ஆகிறது என்றார்கள். வேலைக்காரி வருவதாக ஏற்பாடாம். அவளுக்கும் பண்டிகை உண்டல்லவா? பக்கத்து வீட்டுக்காரர் உதவியுடன் சுவர் வழியாகத் தண்ணீரும் சோறும் இறக்கினோம். அது குடித்த வேகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

தருமபுத்திரர் நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று நின்ற கதையைக் கேட்டு உருகுகிறோம். நாமோ நெல்லைக்குப் போகவே விட்டுவிடுகிறோம்!

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. திருவான்மியூரில் உள்ள கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1953-இல் ராஜ்ய சபையில் கொண்டுவந்த மசோதாதான் அதற்கு வித்து. 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. வளர்ப்பவர் உணவும் தண்ணீரும் கொடுக்கத் தவறுவதும், பசி தாகத்தால் வாடும்படி விட்டுச் செல்வதும், நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதும் அதன்படி குற்றம். ஆனால் முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அந்தப் பணம் யாரைப் பயமுறுத்தும்? அபராதம் உயர வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம்.

அதுவரை அண்டை அயலார்தான் துணை. பூட்டிய வீட்டைப் பற்றிப் போலீஸ் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள் என்கிறார்கள். நாயைப் பற்றியும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். இரண்டு நாள் முன்னதாகவே அவரை வரவழைத்துப் பழக்குங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தவறாமல் போட்டுவையுங்கள். பழைய துணி ஒன்றை அதன் படுக்கையில் போட்டுவிட்டுப் போங்கள்; உங்கள் வாசனையே அதற்கு ஆறுதல்.

பத்தாம் நாள் சிநேகிதர் திரும்பினார். மணி அவர் மேல் பாய்ந்து புரண்டது. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கொஞ்சம் வருத்தந்தான். பெட்டியுடன் திருவல்லிக்கேணி வந்து சேர்ந்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சிநேகிதர் போன் செய்தார். “மாலை ஆறு மணி ஆனால் மணி சங்கிலியைக் கவ்விக்கொண்டு, நீங்கள் படுத்திருந்த அறை வாசலில் போய் நிற்கிறது ஸார்!”

அடுத்த தீபாவளிக்கும் பெட்டி தயார்.